நீக்கும் பொத்தான் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

பலர் கூடி இணையத்தில் ஆடும் வியூக விளையாட்டுகளில் குழுக்கள் தம்மைத் தாமே எப்படி நடத்திக்கொள்கின்றன என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டிச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கல்லூரி விடுதியில் எட்டுப் பேர் தொடங்கிய எங்கள் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ குழுவில் இப்போது 43 பேர் இருக்கிறோம். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. போன வாரப் போரில் இரண்டு அட்டாக்கையும் தவறவிட்ட ஒருவரை லீடர் யாரையும் கேட்காமல் நள்ளிரவில் நீக்கிவிட்டார். அதைக் கண்டித்து ஆறு பேர் வெளியேறிவிட்டார்கள். லீடர் செய்தது சரியா?
– மாணவர், குரோம்பேட்டை

ஆட்டத்தின் விதிப்படி அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒரு கிளானில், அதாவது குழுவில், 50 பேர் வரை இருக்கலாம். உறுப்பினர், எல்டர், கோ-லீடர், லீடர் என்று நான்கு படிகள் உண்டு. லீடர் எவரையும் நீக்கலாம், கோ-லீடர் தமக்குக் கீழ்ப்படியில் உள்ளவர்களை நீக்கலாம். ஆனால் லீடரை மாற்ற உறுப்பினர்கள் வாக்களிக்க ஒரு வழியும் ஆட்டத்துக்குள் வைக்கப்படவில்லை. அதிகாரத்தை மேலிருந்து கீழே இறக்கும் ஏணியை நிறுவனம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்துக்கு யார் எப்போது கணக்குக் கேட்பது என்பதை ஆடுகிறவர்கள்தாம் வாட்ஸ்அப் குழுவிலோ கிளானின் அறிமுகக் குறிப்பிலோ எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவில் அப்படி ஒரு வரி கூட எழுதப்படவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

எனவே லீடரை விசாரிக்கும் முன் ஒன்றைக் கேட்கிறேன்: நீக்கப்பட்டவரின் போர் விருப்ப அடையாளம் அன்று பச்சையாக இருந்ததா, சிவப்பாக இருந்ததா? சிவப்பு என்றால் ‘இந்தப் போருக்கு நான் வரவில்லை’ என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று பொருள். ஆள் எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதற்காக அவரையும் பட்டியலில் இழுத்துப் போட்டுவிட்டு, அடிக்கவில்லை என்று நீக்கியிருந்தால் தவறு பட்டியல் போட்டவருடையது. பச்சையாக இருந்தால் லீடரின் கோபத்தில் நியாயம் உண்டு. எதிரியின் ஊரைத் தாக்கி அதிக நட்சத்திரம் எடுக்கும் கிளானே வெல்லும், ஆளுக்கு இரண்டே அட்டாக் கிடைக்கும் போரில் ஒருவர் வராமல் போனால், மற்றவர்கள் இரண்டு நாள் திட்டமிட்டது ஒரு நட்சத்திரத்தில் கோட்டை விடப்படலாம்.

ஆனால் கோபம் நியாயமாக இருந்தாலும் நேரம் நியாயமாக இல்லை. நான் கோ-லீடராக இருந்த ஒரு குழுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் இருந்தார். ஒரு நாள் போர் இரவு 11.20-க்கு முடிகிறது; எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் தேவை; அவருடைய அட்டாக் ஒன்று மீதம் இருக்கிறது. ‘வீட்டுக்குப் போனதும் அடிக்கிறேன்’ என்று பத்து மணிக்கு எழுதியவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கடிகாரம் சுழியத்துக்கு வந்த ஐந்தாவது நிமிடம் நான்தான் பொத்தானை அழுத்தினேன். நீக்கும்போது காரணம் எழுதச் சிறு பெட்டி ஒன்று வரும். அதில் ஒரு சொல்கூட எழுதவில்லை. காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரவு முழுவதும் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. மன்னிப்புக் கேட்டு அழைத்தேன். அவர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி இதுதான்: போர் முடிந்த மறுநாள் மதியம் வரை யாரும் நீக்கும் பொத்தானைத் தொடக் கூடாது, முதல் முறை தவறினால் காரணம் கேட்பது, இரண்டாம் முறை ஒரு போருக்கு வெளியே உட்கார வைப்பது, மூன்றாம் முறைதான் நீக்குவது. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பொதுவான நீரையும் காட்டையும் மக்கள் தாமே எப்படி ஆண்டுகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராம், ஸ்பெயினின் வாலென்சியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நெடுங்காலம் நிலைத்த பாசனக் குழுக்களில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். வயல்களுக்கு நீர் பங்கிடும் ஊழியரான நீர்க்கட்டி முறை வைத்து மடை திறக்கும் நம் ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வெளியேறிய ஆறு பேரைத் துரோகிகள் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியேறும் பொத்தான்தான் இந்த ஆட்டம் உறுப்பினருக்குத் தந்திருக்கும் ஒரே வாக்குச்சீட்டு, அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள்.

மாதாந்தர லீக் போரில் கிடைக்கும் போனஸ் பதக்கங்களை எங்கள் லீடர் ஒவ்வொரு மாதமும் தம் சித்தப்பா மகன்கள் இருவருக்கே கொடுக்கிறார். கேட்டால் ‘நன்றாக ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கிறேன்’ என்கிறார். பங்கீட்டுக்கு நியாயமான முறை எது?
– வாசகி, பெரம்பூர்

எட்டு கிளான்கள் ஒரு தொகுதியாக மோதும் இந்த லீக்கில் ஏழு நாளும் ஆளுக்கு ஒரு அட்டாக்தான். அவரவர் எடுத்த நட்சத்திரங்களைக் கொண்டு ஆட்டமே கணக்கிட்டுத் தரும் பதக்கங்களைப் பற்றி எந்தக் குழுவிலும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. தலைமையின் விருப்பத்துக்கு விடப்பட்ட அந்தச் சில போனஸ்களில்தான் நட்பு முறிகிறது.

‘நன்றாக ஆடுகிறவர்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அளக்கத்தான் முடிவதில்லை. எதிரியின் மிகக் கடினமான பேஸில் (ஆட்டக்காரர் கட்டிக் காக்கும் ஊரில்) மோதி இரண்டு நட்சத்திரம் எடுத்தவர், எளிய பேஸில் மூன்று எடுத்தவரைவிடக் கணக்கில் கீழே நிற்பார். அடுத்த மாதம் கடினமான பேஸை யாரும் தொட மாட்டார்கள். என் முடிவு, ஏழு அட்டாக்கையும் தவறாமல் செய்தவர்களுக்குள் முறை வைத்துச் சுற்றி வரக் கொடுப்பதே நல்லது என்பது. உங்கள் தெருவில் குலுக்கல் சீட்டு நடத்தும் அக்காவின் நோட்டைப் பாருங்கள். சீட்டு எடுத்தவர் பெயருக்கு நேரே கோடு விழுந்திருக்கும், மறு சுற்று வரும்வரை அந்தப் பெயர் குலுக்கலில் சேராது, நோட்டை யார் கேட்டாலும் காட்டுவார். அதே போல ஒரு பட்டியலைக் குழுவில் பொதுவாகப் பதிவு செய்யும்படி, லீக் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதக்கம் கைக்கு வந்த பிறகு எந்த விதியைச் சொன்னாலும் அது யாரோ ஒருவருக்காகச் செய்ததாகவே தெரியும். பட்டியல் போட மறுத்தால், லீக் முடிந்த கையோடு வேறு கிளான் பாருங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ‘நான் 50 பேருக்குக் கோ-லீடர், எனக்குப் பொறுப்பு இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு இரவு பதினொன்றரை வரை போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். இது தடை செய்யப்பட்ட விளையாட்டா?
– ஒரு தாய், அண்ணா நகர்

இல்லை. 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடை செய்வது பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் அந்த வகை அல்ல. ஆனால் உள்ளே ரத்தினக்கற்களைக் காசுக்கு விற்கிறார்கள் என்பதால் உங்கள் கார்டு விவரம் அந்தப் போனில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வழக்கமான போரில் ஆயத்தம் 23 மணி நேரம், சண்டை 24 மணி நேரம், ஆக மொத்தம் 47. எதிரியைத் தேடத் தொடங்கும் நேரத்தைக் கோ-லீடரான உங்கள் மகனே தீர்மானிக்கலாம். இரவு ஒன்பது மணிக்குத் தேடி உடனே எதிரி கிடைத்தால் மறு மறுநாள் எட்டு மணிக்குப் போர் முடிந்துவிடும். பதினொன்றரைக்கு முடிகிறதென்றால் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியிருக்கிறான். பொறுப்பு இருக்கிறது என்கிறவனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பேரன் ஆடுவதைப் பார்க்கையில் எல்லாம் ஒருவர் ஆட்சியாகவே தெரிகிறது. தேர்தல், கணக்குத் தணிக்கை இவையெல்லாம் உள்ள ஆட்டம் ஏதாவது உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வருவது ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’. விண்வெளியில் நடக்கும் அந்த ஆட்டத்தில் குழுவுக்குக் கார்ப்பரேஷன் என்று பெயர். அதற்குப் பங்குகள் உண்டு, பங்குதாரர் வாக்கெடுப்பில் தலைமை நிர்வாகியை மாற்றவும் வழி உண்டு, கஜானாவும் கிடங்கும் ஏழேழு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு யார் எதைத் தொடலாம் என்று தனித்தனியாக அனுமதி தரலாம். ஆடுவோர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நிறுவனத்துடன் பேச அனுப்பும் மன்றத்துக்கு 2008 முதல் தேர்தல் நடக்கிறது. ஆனால் அந்த மன்றம் ஆட்டத்தை உருவாக்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது. பல கார்ப்பரேஷன்கள் சேர்ந்த கூட்டணிகளின் உள்ளே பெரும்பாலும் ஒரு தலைவரும் அவரைச் சுற்றிய சிலரும்தான் ஆள்கிறார்கள்.

தணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள் என்பதால் 2009 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ என்ற, அன்று அந்த ஆட்டத்தையே ஆட்டிவைத்த கூட்டணியின் தலைமைக் கார்ப்பரேஷனில் இயக்குநராக இருந்த ஒருவர் எதிரணியான ‘கூன்ஸ்வார்ம்’ பக்கம் சாய்ந்தார். தம் பதவிக்கு இருந்த அனுமதியைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். ஒரு கப்பலும் சுடவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் கட்டியது, ஒருவர் சில பொத்தான்களை அழுத்தியதில் போயிற்று. வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்ற ஒழுங்கில் காலம் கழித்த உங்களுக்கு, அவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்பது முதல் வரியிலேயே விளங்கியிருக்கும். அதே ஆட்டத்தில் 2014 ஜனவரியில், ஒரு நட்சத்திர மண்டலத்தின் உரிமைக்கான கட்டணம் கட்டப்படாமல் போனதில் மூண்ட சண்டை ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்து, டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. பில் கட்டுகிறவரின் வேலையை யாரும் மேடையில் புகழ்வதில்லை, அது தவறும் நாள் வரை.

இந்த இரண்டு செய்திகளையும் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. சென்னையிலிருந்து ஒரு நாள் போய் வரக்கூடிய தூரம்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்வைச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள் என்பதையே எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் வர முடியாது. முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. அது நிலமும் கல்வியும் உடைய பிராமணர் சபைக்கான விதி, ஊரார் எல்லோருக்கும் குடத்தில் ஓலை இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் சித்தப்பா மகன்களைப் பற்றி எழுதிய பெரம்பூர் வாசகி இந்தப் பட்டியலைத் தம் லீடருக்கு அனுப்பி வைக்கலாம்.

ஐந்து ஆண்டுகளாக ஒரு கிளானுக்கு லீடர். வேலை மாறுவதால் இனி நேரம் இருக்காது. நன்றாக அட்டாக் செய்கிறவரிடம் ஒப்படைக்கலாமா, பழைய ஆளிடமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

இரண்டுமே தகுதி ஆகாது. போர் முடியப் பத்து மணி நேரம் இருக்கையில், அடிக்காதவர்களின் பெயரைப் பார்த்துத் தனித்தனியாக ‘இன்று முடியுமா?’ என்று கேட்கிறவர் யாரென்று கவனியுங்கள். அநேகமாக அவர் உங்கள் குழுவின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக இருக்க மாட்டார். இரண்டு மாதம் அவரையே போருக்குப் பட்டியல் போட வையுங்கள். நீங்கள் லீடராகவே இருந்து வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கையே கொடுத்துவிட்டுப் போகும் குறுக்கு வழி வேண்டாம், அதை நிறுவனத்தின் விதிகளே அனுமதிப்பதில்லை.

ஒப்படைத்த நொடியில் நீங்கள் கோ-லீடர் ஆகிவிடுவீர்கள். புதியவர் விரும்பினால் உங்களையே நீக்கலாம். அதனால் அதற்கு முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளில் நட்புக்காகவும் பிறந்தநாளுக்காகவும் கோ-லீடர் ஆக்கிய பலர் இருப்பார்கள், அவர்களில் பாதிப் பேர் இப்போது எட்டிப் பார்ப்பதே இல்லை; ஆனால் நீக்கும் பொத்தான் அவர்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அவர்களைக் கீழ்ப்படிக்கு இறக்கும் வேலையை நீங்களே, உங்கள் பெயரிலேயே, காரணம் எழுதிச் செய்துவிடுங்கள். புதியவர் முதல் வாரத்தில் அதைச் செய்தால் குழு இரண்டாகும். நீங்கள் செய்தால் நான்கு பேர் உங்களுடன் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு மாதமாவது குழுவிலேயே இருந்து, புதியவரின் முடிவுகளுக்குக் கீழே ‘நான் இருந்தபோது’ என்று தொடங்கும் பதிலை எழுதாமல் இருங்கள்.