வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மரியாதை காட்டலாமா?

கேள்வி (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்): எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் சென்ற வாய்தாவுக்கு எதிர்த்தரப்பினரும் வரவில்லை, அவர்களுடைய வழக்கறிஞரும் வரவில்லை. வழக்கறிஞரின் தாயார் முதல் நாள் இறந்துவிட்டாராம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று நான் வற்புறுத்தியும், எங்கள் வழக்கறிஞர் தாமாகவே எழுந்து, வாய்தா கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டார். இருவரும் சேர்ந்து தேநீர் அருந்துவதையும் பார்த்திருக்கிறேன். அவர் விலைபோய்விட்டாரா? வழக்கறிஞரை மாற்றிவிடலாமா?

பதில்: பூர்வீகச் சொத்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறுகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் எவ்வளவு வலிக்கும் என்பதை அறிவேன். ஆயினும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் வழக்கறிஞர் செய்தது சரி. அதனால் உங்களுக்கு நட்டமும் இல்லை. அன்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கிடைத்திருந்தாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 13-இன்படி, வர இயலாமைக்குப் போதிய காரணம் இருந்ததெனக் காட்டி, அதை ரத்து செய்யக் கோரி 30 நாட்களுக்குள் அவர்கள் மனு செய்திருப்பார்கள். வழக்கறிஞர் வீட்டில் சாவு என்பதை எந்த நீதிபதி காரணமல்ல என்று தள்ளுவார்? அந்த மனு, அதற்கு நீங்கள் போடும் எதிருரை, வாதம், உத்தரவு என்று இழுத்து, மூல வழக்கு பழைய இடத்துக்கே திரும்பிவர ஒரு வாய்தாவைக் காட்டிலும் பல மடங்கு காலம் ஆகியிருக்கும்.

இது உங்கள் வழக்கறிஞரின் சொந்த இரக்கம் மட்டுமன்று. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகள், கட்சிக்காரருக்கு மட்டுமல்லாமல், நீதிமன்றம், எதிர்த்தரப்பு, சக வழக்கறிஞர்கள் ஆகியோருக்கும் ஒரு வழக்கறிஞர் ஆற்றவேண்டிய கடமைகளைச் சொல்கின்றன. கட்சிக்காரரின் நலனை அச்சமின்றிக் காக்கவேண்டும் என்று கூறும் அதே விதிகள், அவர் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாக இருக்கக் கூடாது என்றும், எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நியாயமான வாக்கை, அது எழுத்தில் இல்லாவிட்டாலும், இயன்றவரை நிறைவேற்றவேண்டும் என்றும் கூறுகின்றன.

நான் ஜூனியராக இருந்தபோது, முன்சீப் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் வழக்குக் கட்டை எங்கள் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சீனியர் அதன் நாடாவைக்கூட அவிழ்க்காமல் என் கையில் கொடுத்து, உடனே கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். அருகில் நின்ற எங்கள் கட்சிக்காரர் முகம் சுளித்தார். அந்தக் கட்சிக்காரரின் ரகசியங்களையும் அதே மனிதர்தான் அதே நேர்மையோடு காத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தேநீரைக் கொண்டு சந்தேகப்படாதீர்கள். நீங்கள் தனியே சொன்ன செய்தி எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தாலோ, உங்களைக் கேட்காமல் சமரசம் பேசப்பட்டாலோ, உங்கள் தரப்பிலேயே காரணமின்றி வாய்தா கேட்கப்பட்டாலோ கட்டாயம் கேள்வி கேளுங்கள். விசாரணை தொடங்கிய பின் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்றும், வேறு நீதிமன்றத்தில் வேலை இருப்பது காரணமாகாது என்றும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17 சொல்கிறது. துக்கத்துக்கு ஒருமுறை இசைந்ததை இழுத்தடிப்போடு சேர்த்து எண்ணுவது நியாயமன்று.

கேள்வி (வாசகி, மதுரை): விவாகரத்து மனுவில் என் கணவரையும் அவர் குடும்பத்துப் பெண்களையும் பற்றி நான் எழுதிக் கொடுத்த பலவற்றை எங்கள் வழக்கறிஞர் சேர்க்க மறுக்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

பதில்: உண்டு. வசைமொழியைத் தவிர்த்து, நிதானமான சொற்களையே பயன்படுத்துவதில் அவர் தம் சொந்த அறிவைச் செலுத்தவேண்டும் என்பது விதி. தேவையற்ற, இழிவான பகுதிகளை நீக்கும்படி நீதிமன்றமே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 16-இன்கீழ் உத்தரவிடலாம். ஆனால் உங்களுக்கு நேர்ந்த கொடுமை வேறு, வசை வேறு. கணவர் அடித்த நாள், இடம், பார்த்தவர், மருத்துவமனைச் சீட்டு ஆகியவை மனுவில் ஒன்றுவிடாமல் இருக்கவேண்டும். அவற்றையும் சேர்க்க மறுத்தால் அவர் தவறு செய்கிறார். நாத்தனாரின் நடத்தையைப் பற்றிய ஊர்ப்பேச்சு அதில் வரவேண்டியதில்லை.

கேள்வி (இளம் பெண் வழக்கறிஞர், சென்னை): நான் வாதிட எழும்போதெல்லாம் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் ஒருவர், "பாப்பா, உட்காரும்மா" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பதில்: படிக்கவே மனம் கொதிக்கிறது. பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை நீக்கிச் சட்டம் இயற்றப்பட்டது 1923-இல். நூறாண்டு கடந்தும் இந்தச் சொல் நீதிமன்றத்தில் ஒலிப்பது இழிவு. மூத்தவருக்கு முன்னுரிமை உண்டே தவிர, உங்களை உட்காரச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவருக்குப் பதில் சொல்லாதீர்கள். நீதிபதியை நோக்கி, "நான் என் கட்சிக்காரருக்காக வக்காலத்து தாக்கல் செய்தவள், என் வாதத்தை முடிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். கண்டனம், குறிப்பிட்ட காலத் தடை, பதிவிலிருந்து நீக்கம் வரை தண்டனை உண்டு; ஓராண்டுக்குள் முடிவாகாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். இப்போதே நாட்குறிப்பில் தேதி, வழக்கு எண், அவர் சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள்.