ஆன்டெனாவ தூக்கி எறிஞ்சிடாதீங்க தம்பி

கேள்வி: அண்ணே, எங்க வீடு மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல, நான் பாலிடெக்னிக் கடைசி செமஸ்டர். செம்பனைக்கு கீழ போன் ஜிபிஎஸ் ஏன் குதிக்குதுனு புராஜெக்ட். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகுற ரேடியோ ரிசீவர்), காந்த ஆன்டெனா வாங்கி 1176.45 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற ஜிபிஎஸ்ஸோட எல்5 சிக்னல அளக்கலாம்னு பார்த்தா ஸ்கிரீன்ல வெறும் கோடுதான். ஆன்டெனா கெட்டுப்போச்சா?

பதில்: ஒண்ணும் கெடல தம்பி, அது அப்படித்தான் இருக்கும். ஜிபிஎஸ்ஸோட இன்னொரு சிக்னல் எல்1, 1575.42 மெகாஹெர்ட்ஸ்ல வர்றது, தரைக்கு வரும்போது சுமாரா மைனஸ் 128.5 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் கூடக்கூட பலம் கம்மி), 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல இருக்குற நாய்ஸே, அதாவது இரைச்சலே, மைனஸ் 111, அதாவது சிக்னல விட நாய்ஸ் அம்பது மடங்கு பெருசு, எல்5-உம் இதே கதைதான். அலை வடிவத்த கண்ணால பார்க்கணும்னா பெரிய டிஷ் வேணும், நம்மகிட்ட ஏது.

ஆன்டெனாவ சோதிக்கணும்னா 1575.42-க்கு போங்க, பயாஸ் டீய (ஆன்டெனா வயர் வழியாவே கரண்ட் கொடுக்குற வசதி) போட்டு போட்டு அணைச்சு பாருங்க, ஆன்டெனாவுக்கு கரண்ட் கொடுக்கும்போது ஸ்கிரீன்ல நாய்ஸ் கோடு மொத்தமா மேல ஏறுச்சுனா உள்ள இருக்குற ஆம்ப்ளிஃபையர் உயிரோட இருக்கு. விலை கம்மியான காந்த ஆன்டெனா பலதுல எல்1 ஃபில்டர் மட்டும்தான், 1176-ஐ உள்ளயே விடாது, அத பார்த்து வாங்குங்க.

முதல்ல எல்1 சிஏ கோட, அதாவது ஒவ்வொரு சாட்டிலைட்டும் திரும்பத் திரும்ப அனுப்புற 0-1 வரிசைய, பிடிங்க. ரெக்கார்ட் பண்ணி அந்த வரிசையோட நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டா (கோரிலேட் பண்றதுனு பேரு), 1 மில்லிசெகண்ட்ல 1023 சிப் (வரிசையில ஒரு 0 இல்ல 1) சேர்ந்து 30 டிபி, அதாவது ஆயிரம் மடங்கு, கிடைக்குது, நாய்ஸுக்குள்ள இருந்து ஒரு முனை எழும்பும். டாங்கிள் கிரிஸ்டல் 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) தப்புனாலே 1.6 கிலோஹெர்ட்ஸ் நகரும், சாதா டாங்கிள் 30 பிபிஎம் கூட தப்பும், சாட்டிலைட் ஓடுறதால வர்ற டாப்ளர் நகர்வுக்குனு ப்ளஸ் மைனஸ் 5 கிலோஹெர்ட்ஸ் மட்டும் தேடினா கிடைக்கவே கிடைக்காது. நான் இதுக்கே மூணு ராத்திரி தூக்கம் கெட்டேன், டிசிஎக்ஸ்ஓ (சூடு மாறினாலும் அதிகம் தப்பாத கிரிஸ்டல்) வச்ச டாங்கிள் வாங்கிக்கோங்க.

எல்5 வேற ஆட்டம். சிப் வேகம் 10.23 மெகா, மெயின் லோப், அதாவது சிக்னலோட நடு மேடு, மட்டும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல, உங்க டாங்கிள் பிடிக்கிறது 2.4. அகலத்த வெட்டுனா கோரிலேஷன் முனை மழுங்கிடும், உச்சி எங்கனு தெரியாது, அகல சிக்னல் டிசைன் பண்றதே அந்த கூருக்குத்தானே. எல்1 சிப் ஒண்ணு 293 மீட்டர், எல்5 சிப் 29. லயத்து வீட்டு தகர கூரையில பட்டு 60 மீட்டர் சுத்தி வர்ற எதிரொலி எல்1-ல நேர் சிக்னலோட கலந்து முனைய இழுத்துடும், எல்5-ல அது தள்ளி தனியா நிக்கும். ஆனா செம்பனை மட்டைக்கு கீழ சிக்னலே தேய்ஞ்சு வருது பாருங்க, அத எந்த அகலமும் சரிபண்ணாது.

அதனால காலேஜ் லேப்ல 20 மெகாஹெர்ட்ஸாவது பிடிக்கிற எஸ்டிஆர் இருக்கானு கேளுங்க, ஐரோப்பாவோட சாட்டிலைட் சிஸ்டம் கலிலியோவோட இ5 சிக்னல் முழுசும் வேணும்னா 51 மெகாஹெர்ட்ஸ், அத விட்டுடுங்க. ஒரே நாள்ல பாடாங் (திறந்த திடல்) நடுவுல ஒரு ரெக்கார்டிங், செம்பனைக்கு கீழ ஒண்ணு, ரெண்டு முனையையும் ஒண்ணு மேல ஒண்ணு வரைங்க. காலையில எடுங்க, நாம பூமத்திய ரேகைகிட்ட இருக்கோம்ல, மார்ச், அக்டோபர் மாதிரி மாசத்துல பொழுது சாஞ்சதும் அயனோஸ்பியர் (வானத்துல உயரத்துல இருக்குற மின்னூட்ட அடுக்கு) கலங்கி சிக்னல் ஏறி இறங்கும், அப்புறம் செம்பனை மேல பழி போட்டுருவீங்க.