நாற்பதாயிரத்தில் ஸ்னோபோர்டு: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, லட்சக்கணக்கில் ஆகும்." பனியில் ஒற்றைப் பலகை மேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு என்று வாயெடுத்தாலே நம் ஊரில் இதைத்தான் சொல்கிறார்கள். குளிர்காலம் வந்தால் காஷ்மீரின் குல்மார்க் பக்கம் கிளம்பிவிடுகிறவன் என்பதால் சந்தேகங்களை என்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தேன். அரக்கோணம் முதல் திருப்பத்தூர் வரை, பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். அந்தக் காசுக்குப் பனியில் எத்தனை மணி நேரம் பலகை மேல் நிற்கப்போகிறோம் என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

அண்ணா, நாங்கள் நாலு பேர், காட்பாடியில் கடைசி வருஷம் இன்ஜினியரிங். தலைக்கு நாற்பதாயிரம் தேறும். பிப்ரவரியில் ஒரு வாரம் போகலாம் என்று இருக்கிறோம். மணாலியா, குல்மார்க்கா?

குல்மார்க், தம்பி. மணாலியில் அறை மலிவு, பழைய மணாலியில் கஃபேக்களும் கலகலப்பும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சறுக்க வேண்டிய இடம் அங்கிருந்து 13 கிலோமீட்டர் தள்ளியுள்ள சோலாங். சரிவு சின்னது. அதிலேயே ட்யூபில் உருள்கிறவர்கள், பனி ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள், குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோரும் நிற்பார்கள். பிரேக் போடவே தெரியாதவனுக்கு அந்தக் கூட்டம் ஆகாது.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிற பெரிய புல்வெளி. குளிர்காலத்தில் அதன் ஓரச் சரிவுகளே புதியவர்களுக்கான பள்ளிக்கூடம். இழுத்துக்கொண்டு மேலே போகும் சின்ன லிஃப்ட்கள் அங்கேயே இருக்கின்றன. எல்லோரும் பேசுகிற கொண்டோலா ரோப்கார் உங்களுக்கு முதல் நாட்களில் தேவையே இல்லை. அதன் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் அஃபர்வத் மலையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இறங்குவது தேர்ந்தவர்கள் வேலை. ஆக, பெரிய செலவு ஒன்று இப்போதே மிச்சம்.

அடுத்தது அறை. குல்மார்க்கில் பிப்ரவரி வாடகை கண்ணைக் கட்டும். 13 கிலோமீட்டர் கீழே டங்மார்க் இருக்கிறது, அங்கே தங்குங்கள். காலையில் ஷேர் சுமோவில் ஏறிவிடலாம். பனி அதிகமான நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி மட்டும்தான் மேலே போகும், அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். டங்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கியதும் ரப்பர் பூட்ஸ், கோட்டு வாடகைக்கு எடுக்கச் சொல்லிச் சூழ்ந்துகொள்வார்கள். அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. உங்களுக்கு வேண்டிய போர்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மேலே கடைகளில் கிடைக்கும்.

பயிற்சியாளர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு பேரும் புதுசு என்றால் ஒரே ஆளைப் பகிர்ந்துகொள்ளலாம். எத்தனை மணி நேரம், லிஃப்ட் காசு யாருடையது, போர்டு வாடகை சேர்த்தா இல்லையா, மூன்றையும் ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நாற்பதில் பாதிக்கு மேல் போக்குவரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

வாலாஜாபேட்டையிலிருந்து: விமானம் இல்லாமல் ரயிலிலேயே போக முடியுமா சார்?

முடியும். 2025 ஜூனில் ஜம்மு பக்கத்துக் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் விட்ட பிறகு இது நிஜமாகவே சாத்தியம். கன்னியாகுமரியிலிருந்து கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை காட்பாடி வழியாகத்தான் போகிறது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு நாளுக்கு மேல் ரயில் வாசம். கத்ராவிலிருந்து ஸ்ரீநகர் சுமார் மூன்று மணி நேரம். வழியில் செனாப் பாலம், ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். அதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர்.

லீவு குறைவாக இருப்பவர்கள் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லி போய், அங்கிருந்து மட்டும் விமானம் எடுக்கலாம். எப்படிப் போனாலும் திரும்பும்போது ஒரு நாள் கையில் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும்.

தம்பி, நான் ராணிப்பேட்டையில் ரிட்டையர்ட் டீச்சர். பையன் ஒரே பிடிவாதமாக இருக்கிறான். கை கால் உடையுமே, பனிச்சரிவு வருமே என்று எனக்குப் பயம்.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம்.

பனிச்சரிவு பயிற்சிச் சரிவில் நிற்கிறவர்களுக்கு வருகிற ஆபத்து இல்லை. சறுக்குத் தடத்தின் எல்லை தாண்டி, யாரும் கால் வைக்காத பனியைத் தேடிப் போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். பையனிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்: பயிற்சியாளர் இல்லாமல் ரோப்காரின் இரண்டாம் கட்டத்துக்குப் போகக் கூடாது.

கை விஷயம் நிஜம். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டு. விழும்போது தரையில் உள்ளங்கையை ஊன்றுவது மனித இயல்பு, அதுதான் வினை. கையை முஷ்டியாக மடக்கி, முன்கை முழுவதும் படுகிற மாதிரி விழப் பழக வேண்டும். பின்னால் விழுந்தால் குந்தி உட்கார்ந்து உருள வேண்டும். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் அனுப்பாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்தால் குளிர்கால விளையாட்டு அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் போதும். மாவுக் கட்டோடு திரும்பி வந்தாலும் கட்டு பிரிக்க நம் ஊரில் டாக்டருக்கா பஞ்சம்.

ஆம்பூர். ஷூ கம்பெனியில் இருக்கிறேன். பூட்ஸும் லெதர் கிளவுஸும் இங்கிருந்தே எடுத்துப் போகலாமா அண்ணே?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பூட்ஸ் வேண்டாம், கிளவுஸ் எடுத்துப் போங்கள்.

ஸ்னோபோர்டு பூட்ஸ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷூ. வெளியே விறைப்பான ஓடு, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கிற மெத்தை லைனிங். அந்த லைனிங் உடம்புச் சூட்டில் காலுக்கு ஏற்ப அமைந்துகொள்ளும். வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் தொழில் கண்ணோடு பாருங்கள். முதலில் உள்ளே கைவிட்டு லைனிங் காய்ந்திருக்கிறதா என்று தடவுங்கள், முந்தைய நாள் ஈரம் நுனி விரல் பக்கம்தான் தங்கும். சோல் ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா? கயிறு இறுக்கும் திருகுச் சக்கரம் நழுவாமல் பிடிக்கிறதா? அப்புறம் போட்டுப் பாருங்கள். நேராக நின்றால் கட்டைவிரல் நுனியில் லேசாக இடிக்க வேண்டும், முட்டியை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மட்டும் கடுகளவும் தூக்கக் கூடாது. குதிகால் தூக்கினால் நீங்கள் பூட்ஸுக்குள் திரும்புவீர்கள், போர்டு திரும்பாது. சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, கம்பளி. குளிருக்கு பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும்.

கிளவுஸில் ஆட்டுத்தோல் நல்ல தேர்வு. மிருதுவாகவும் இருக்கும், சீக்கிரம் கிழியவும் கிழியாது. ஆனால் தைத்த கையோடு போட்டுக்கொண்டு போனால் மதியத்துக்குள் ஊறிவிடும். ஸ்னோபோர்டு ஓட்டுகிறவன் உட்காரும்போதும் எழும்போதும் பனியில் கை வைத்துக்கொண்டே இருப்பான். அதனால் தேன்மெழுகு கலந்த வாக்ஸை லேசாகச் சூடு காட்டித் தேய்த்து, தையல் வரிகளில் இன்னொரு முறை தேய்த்து, ஊற விட்டுத் துடையுங்கள். உள்லைனிங் தனியாகக் கழலும் மாதிரி இருந்தால் ராத்திரியில் காயவைக்க வசதி. ஹீட்டர் மேல் நேராக வைத்தால் தோல் முறுக்கிக்கொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடியாத்தம்: ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அரை மணியில் பல் தந்தியடிக்கும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்துத் துணிச் சட்டை, அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். மேல் உடையை வாடகைக்கு எடுங்கள், மற்ற இரண்டும் சொந்தமாக இருக்கட்டும். கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வேலூர் வெயிலில் கறுக்காத மூக்கு அங்கே உரியும்.

அரக்கோணத்திலிருந்து: ஸ்கீயிங் சுலபமா, ஸ்னோபோர்டு சுலபமா? அரசாங்கப் பயிற்சி மையம் ஏதாவது உண்டா?

முதல் நாள், காலுக்கு ஒரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீயிங் சுலபம். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்கும், முதல் இரண்டு நாள் விழுந்து எழுவதுதான் பாடம். முதலில் குதிகால் விளிம்பை அழுத்திப் பக்கவாட்டில் சரிந்து இறங்கக் கற்றுத்தருவார்கள். அது கைவந்த பிறகு விரல் பக்க விளிம்பு, அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றித் திரும்புவது. அந்த முதல் திருப்பம் வந்துவிட்டால் பிறகு முன்னேற்றம் வேகம். அதனால்தான் இரண்டு நாள் பேக்கேஜ் எடுக்காதீர்கள் என்கிறேன், அழுகிற பகுதிக்கு மட்டும் காசு கட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

குல்மார்க்கில் மத்திய அரசின் ஸ்கீயிங், மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம். தங்குமிடம், சாப்பாடு, கருவி, பயிற்சி எல்லாம் சேர்த்து அங்கே கட்டும் காசுக்கு ஈடாகத் தனியாரிடம் எதுவும் கிடைக்காது. இவற்றின் முக்கியப் பாடம் ஸ்கீயிங், ஆகவே ஸ்னோபோர்டு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். காலையில் எழுப்பி உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள், விடுமுறை மனநிலை வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது.

சத்துவாச்சாரி, ஐடி வேலை: குல்மார்க் ஏழு மணிக்கே தூங்கிவிடும் என்கிறார்கள். ராத்திரியும் களைகட்டுகிற ஊர், ஆனால் ஆல்ப்ஸ் விலை கட்டுப்படியாகாது. எங்கே போகலாம் ப்ரோ?

பல்கேரியாவில் பான்ஸ்கோ. பிரின் மலை அடிவாரத்தில் சுமார் 925 மீட்டரில் இருக்கிற பழைய ஊர். கல் பாவிய சந்துகள், சந்துக்குச் சந்து மெஹானா எனப்படும் சாப்பாட்டுக் கடைகள், உள்ளே கணப்பு, நாட்டுப்புறப் பாட்டு, ராக்கியா என்ற பழச்சாராயம். ஊரைச் சுற்றி நடந்தே முடித்துவிடலாம் என்பதால் ராத்திரி டாக்சி செலவு இல்லை. சறுக்குத் தடம் மொத்தம் 75 கிலோமீட்டர், ஆல்ப்ஸின் பெரிய ஊர்களை வைத்துப் பார்த்தால் கம்மிதான். ஒரு வாரத்துக்கு, அதுவும் புதியவருக்கு, தாராளம். லிஃப்ட் பாஸ், அறை, சாப்பாடு மூன்றுமே ஆல்ப்ஸில் ஆகிறதைவிட நன்றாகக் குறையும்.

குறை ஒன்று உண்டு. ஊரிலிருந்து மேலே போக ஒரே பெரிய கொண்டோலா. காலையில் அதன் வரிசை வைகுண்ட ஏகாதசி க்யூ மாதிரி நீளும். திறப்பதற்கு முன்பே போய் நிற்பவனுக்கு முழு நாள் கிடைக்கும், ராத்திரி ஆட்டம் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறவனுக்கு அரை நாள்தான். பிப்ரவரி நடுவில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறை, விலையும் கூட்டமும் ஏறும். ஜனவரி பொங்கல் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை அல்லது மார்ச் முதல் பாதி பாருங்கள். சமையலறை உள்ள அபார்ட்மென்ட்டாக எடுத்தால் அரிசியும் பொடியும் கைகொடுக்கும். சைவம் என்றால் ஷாப்ஸ்கா சாலட், பீன்ஸ் சூப்.

சென்னையிலிருந்து சோஃபியாவுக்கு நேர் விமானம் இல்லை, இஸ்தான்புல் அல்லது வளைகுடா வழியாக மாறிப் போக வேண்டும். சோஃபியாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், பஸ் மலிவு. நேரம் இருந்தால் செப்டெம்வ்ரி என்ற ஊரில் ஏறி மலைக்குள் ஊர்ந்து வரும் குறுகிய பாதை ரயிலில் வாருங்கள், ஐந்து மணி நேரம் போவதே தெரியாது. 2025 ஜனவரி முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போகிற ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள் வந்துவிட்டது. அதனால் ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2026 ஜனவரியிலிருந்து நாணயமும் யூரோதான், பழைய லெவ் நோட்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால் முதல்முறை பலகையில் ஏறவே பான்ஸ்கோ போவது வீண். குல்மார்க்கில் விழுந்து முடித்துவிட்டுப் போனால் அங்கே கட்டும் பாஸ் காசு முழுவதும் ஓட்டமாக மாறும்.

திருப்பத்தூர்: வயது 47. சரிப்பட்டு வருமா?

முட்டி சரியாக இருந்தால் வரும். உயரம்தான் கவனம். நம் ஏலகிரி 1,100 மீட்டர் சொச்சம், குல்மார்க் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் நாள் தலைவலி சகஜம். நிறையத் தண்ணீர் குடித்து, அன்றைக்கு ஓய்வெடுத்து, மறுநாள் போர்டைத் தொடுங்கள்.

ஆற்காடு: போவதற்கு முன் இங்கேயே என்ன பயிற்சி செய்யலாம்?

ரத்தினகிரி படி. ஏறுவது மூச்சுக்கு, இறங்குவது தொடைக்கு. ஸ்னோபோர்டுக்கு வேண்டியது இரண்டாவது, ஆகவே கைப்பிடி பிடிக்காமல் நிதானமாக இறங்குங்கள். கூடவே தினமும் தோப்புக்கரணம்.

ஆரணி: போன பிறகு பனியே இல்லாவிட்டால்?

நடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் வறண்டு பழுப்பாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. ஜனவரி முதல் பாதியைத் தவிருங்கள், பிப்ரவரி பாதுகாப்பு. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுங்கள்.

வாணியம்பாடி: அங்கே நம் சிம் வேலை செய்யுமா?

வெளி மாநில ப்ரீபெய்ட் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்ட் எடுக்கும். குழுவில் ஒருவராவது கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள், ரோப்கார் டிக்கெட்டும் ஆன்லைனில்தான்.