ஸ்டெம் செல் ஏற்றக் காணியை விற்கலாமா?

கேள்வி: எங்கள் நான்கு வயது மகனுக்கு சிட்ருலினீமியா என்று கொழும்பில் உறுதிப்படுத்தினார்கள். புரதம் குறைத்த உணவும் மருந்தும் கொடுக்கிறோம். கல்லீரல் ஸ்டெம் செல் ஏற்றினால் முற்றாகக் குணமாகும் என்று கனடாவிலுள்ள தம்பி சொல்கிறான். கொடிகாமத்துக் காணியை விற்று வெளிநாடு கொண்டுபோகலாமா?
— ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, அதற்காகக் காணியை விற்க வேண்டாம்.

தம்பி சொல்வது வெறும் கதையல்ல. உடலில் புரதம் உடையும்போது உண்டாகி, ஏறினால் மூளையைத் தாக்கும் அமோனியாவை யூரியாவாக மாற்றும் நொதியம் உங்கள் மகனின் கல்லீரலில் குறைவு. நல்ல கல்லீரற் கலங்கள் சிறிதளவு நிலைத்தாலே நோயின் கடுமை தணியும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. பெல்ஜியத்தில், தானமாகக் கிடைத்த கல்லீரல்களிலிருந்து வளர்த்த கலங்களை இத்தகைய பிள்ளைகளுக்கு ஏற்றி ஆராய்ந்தார்கள். ஜப்பானில் 2019இல், பிறந்து 6 நாளேயான குழந்தைக்கு ஸ்டெம் செல்லில் இருந்து உருவாக்கிய கல்லீரற் கலங்களைச் செலுத்தினார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கும் பின்னர் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை மாற்றிப் பொருத்தினார்கள். அதுவரை அமோனியாவை அடக்கிவைப்பதே கலங்களின் வேலையாக இருந்தது. ஆகவே, பணம் வாங்கிக்கொண்டு "முழுக் குணம்" என்று உறுதி தருபவரை நம்பாதீர்கள். கையில் சேலைன் ஏற்றுவது போல் தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஏற்றுவது வேறு விடயம். இந்த நோய்க்கு அது மருந்தல்ல.

நீங்கள் கேட்கவேண்டியது கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பற்றி. அமோனியா திரும்பத் திரும்ப ஏறுவதை அது நிறுத்தும். பெற்றோரில் ஒருவரே பகுதி தானம் செய்யக்கூடும். ஏற்கெனவே மூளையில் ஏற்பட்ட பாதிப்பை அது மீட்காது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் தொடர்ந்து வேண்டும். மகனைப் பார்க்கும் விசேட வைத்தியரிடம் அடுத்த கிளினிக்கிலேயே இதைக் கேளுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது சாதாரணக் காய்ச்சல்தான். காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டு மறுப்பு என்று வந்தால் உடலின் தசைப்புரதம் கரைந்து அமோனியா ஏறும். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பிதற்றினாலோ, விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். பருப்பு, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்தி, குடிக்கக்கூடிய நிலையிலிருந்தால் வைத்தியர் சொல்லித்தந்த அளவில் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தபடி யாழ் போதனா வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். புரதத்தை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். நீங்களாக நாட்கணக்கில் நிறுத்தக் கூடாது.

இரவுக் கடமையில் இருப்பவர் இந்த நோயைக் கண்டிராதவராக இருக்கலாம். விசேட வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, லாமினேட் செய்து பையில் வையுங்கள். அமோனியாப் பரிசோதனைக்கான குருதியை ஐஸில் வைத்து உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், வலிப்பு வந்தாலும் வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்ற இரண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்த பிள்ளைக்கும் இது வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கருத்தரிக்க முன்னரே வைத்தியரிடம் பேசுங்கள்.