2000க்கு முன்னாடி ஜிபிஎஸ் ஏன் தப்பா காட்டுச்சு, அமெரிக்கா வேணும்னே கெடுத்து வச்சதா?

ஆமா, வேணும்னேதான். அதுக்குப் பேரு செலக்டிவ் அவைலபிலிட்டி, அதாவது ராணுவத்துக்கு சரியான சிக்னல், பொதுமக்களுக்கு கொஞ்சம் கலப்படம் பண்ண சிக்னல்.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தோட சொத்து. 1983 செப்டம்பர்ல கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு வழி தவறி சோவியத் எல்லைக்குள்ள போக, அவங்க சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் அமெரிக்க அதிபர் ரீகனோட அரசு, ஜிபிஎஸ் ரெடியானதும் எல்லாருக்கும் இலவசம்னு அறிவிச்சுது. ஆனா எதிரி இதையே வச்சு ஏவுகணைக்கு குறி பார்த்துட்டா? அந்த பயம்தான் காரணம்.

சேட்டிலைட் அனுப்புறது முக்கியமா டைம்தாங்க. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்துதான் ரிசீவர் தூரத்தைக் கணக்கு போடும். ஒரு மைக்ரோசெகண்ட், அதாவது ஒரு செகண்டை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு, பிசகினாலே தூரக் கணக்குல 300 மீட்டர் போச்சு! அதனால கடிகாரத்தை லேசா ஆட்டி விட்டாங்க, 100 மீட்டர் வரைக்கும் தப்பு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தை அப்பப்போ முன்ன பின்ன மாத்தி வச்சுட்டு, சரியான டைமை டிரைவர் காதுல மட்டும் சொல்ற மாதிரி.

கூத்து என்னன்னா, அமெரிக்க கடலோரக் காவல்படையே கப்பல்களுக்காக அந்தத் தப்பைத் திருத்துற சிக்னலை ஒலிபரப்பிட்டு இருந்தாங்க. கடைசியா 2000 மே மாசம் அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தையே நிறுத்திட்டாரு.

அப்புறம், ஜிபிஎஸ் சேட்டிலைட் நம்மள மேலருந்து பார்க்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது சிக்னல் அனுப்பும் அவ்வளவுதான், நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியாது, போன்ல இருக்கிற ஆப்தான் வெளியில சொல்லும்.