மெடல் வாங்கியவரின் தெரு

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காஷ்மீரில் இருந்தபோது சௌரிய சக்ரா வாங்கியவர். குடியரசு தினத்தன்று எங்கள் அப்பார்ட்மென்டில் கொடியேற்ற அவரைக் கூப்பிட்டோம். முதல் நாளே அவர் படம் போட்டு பேனர் கட்டினோம். காலையில் பார்த்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவள்ளூர் கிளம்பிவிட்டார். அசோசியேஷன் ஆட்கள் முன்னால் எனக்குத் தலைகுனிவு. இது தன்னடக்கமா, தலைக்கனமா? உயிரைக் கொடுக்கத் துணிந்துதானே பட்டாளத்தில் சேர்கிறார்கள், பிறகு பதக்கம் எதற்கு என்றும் தோன்றுகிறது. போரைப் பற்றிய நல்ல தமிழ் நாவல்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

ர., வேளச்சேரி

அன்புள்ள ர.,

நாவல்கள் பிறகு. பதக்கம் எதற்கு என்ற கேள்வியை நீங்களே வாபஸ் வாங்கிவிடுங்கள். இன்கிரிமென்ட் குறைந்தால் மூன்று மாதம் புலம்புகிறவர்கள் நாம். அதைக் கேட்கும் தகுதி நமக்கு இல்லை.

தலைக்கனமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். படித்ததும் கோபம் வந்தது. கூடவே ஆதம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவும், சில வாரங்களாகவே நான் நினைத்துக்கொண்டிருக்கும் மிலிட்டரி மாமாவும் வந்தார்கள்.

மாமா ஹவில்தார். 1987இல் இலங்கைக்குப் போய் விடுதலைப் புலிகளோடு சண்டையிட நேர்ந்த இந்திய அமைதிப்படையில் இருந்தவர். அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இழுத்து வந்ததற்காகச் சேனா மெடல் கொடுத்திருந்தார்கள். இங்கே தெருச் சுவர்களில் ஈழ ஆதரவுப் போஸ்டர்கள். 1990 மார்ச்சில் படை திரும்பி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தவறா என்ற பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை. அன்று ஊர் இருந்த மனநிலை அது. மாமா லீவில் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். எங்களிடம் மட்டும் யாரோ, "அவரிடம் அதைப் பற்றிக் கேட்காதே" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் கேட்டேன். பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ரேஷன் கார்டு, கேஸ் புக், பென்ஷன் காகிதங்கள், அவற்றுக்கு அடியில் மெடல். சிவப்பு ரிப்பன், நடுவே வெள்ளைக் கோடு. வெள்ளி வட்டத்தில் மேல்நோக்கி நிற்கும் ஒரு பயனெட். கையில் கொடுத்துவிட்டு, சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ் தெரியும் என்பதால் வீடுகளைச் சோதனை போடும்போதெல்லாம் இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். "ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. நான் பேசினதைக் கேட்டுட்டு எந்த ஊருன்னாங்க. செங்கல்பட்டுப் பக்கம்னேன். செம்பைக் கையிலருந்து வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க." அவ்வளவுதான். மெடலோடு வந்த காகிதத்தில் அந்த அம்மா இல்லை. இருக்கவும் முடியாது. ஒருவர் செய்ததைப் பார்த்தவர்கள் சொல்ல, கமாண்டிங் ஆபீசர் எழுதி மேலே அனுப்புவார். அது படிப்படியாக டெல்லி வரை போகும். எழுதியவருக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் வரும். மீதியை மெடல் வாங்கியவர்தான் சுமக்க வேண்டும்.

பிறகு 1999. கார்கில். தொலைக்காட்சியில் சவப்பெட்டிகள். அந்த ஆகஸ்ட் 15 அன்று அதே தெரு, அதே டீக்கடைக்காரர்கள், நாதஸ்வரம் வைத்து மாமா வீட்டுக்கு வந்தார்கள், சால்வையோடு. பனியனோடு வெளியே வந்தவர், "நான் கார்கில் போகலையேப்பா, தொண்ணூத்தி மூணுலயே வந்துட்டேன்" என்றார். "பரவால்ல சார், நீங்க குனிஞ்சா போதும்" என்று போர்த்திவிட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பேச்சை நிறுத்தியதும் அவருக்காக இல்லை, அன்று சால்வை போட்டதும் அவருக்காக இல்லை. இரண்டும் தெருவின் அன்றைய மூட்.

இன்னும் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்த இருவர். தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் 2014இல் ஷோபியானில் இறந்தார், அசோக சக்ரா. அவரை இன்று சென்னையில் குழந்தைக்கும் தெரியும். தெரியட்டும், அவர் அதற்கு உரியவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1972இல் அங்கிருந்து வெளியே வந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் உயிர் போகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தவர். பரம்வீர் சக்ரா, போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த பதக்கம். ஆற்காடு சாலையில் அவர் பெயரில் பரமேஸ்வரன் விஹார் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏதோ பில்டர் வைத்த பெயர் என்பார்கள். வீரத்தில் என்ன குறை? நமக்கு வசதிப்படாத போரில் இறந்தார், வேறென்ன?

இறந்தவர்கள் விஷயத்தில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு, அவர்கள் திருவள்ளூருக்குக் கிளம்பிவிட மாட்டார்கள். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது. கார்கில் போரில் டைகர் ஹில்லில் சண்டையிட்ட யோகேந்திர சிங் யாதவுக்கும் முதலில் அப்படித்தான் அறிவித்தார்கள். அவரோ மருத்துவமனையில் படுத்திருந்தார். இறந்தது அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். பிழைத்தவன் பத்தொன்பது வயதுப் பையன். அந்தப் பெயரோடு பிறகு எப்படி இருந்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தீர்களா? நாம் அவனைப் பேச மேடைக்குக் கூப்பிடுவோம்.

உங்கள் சித்தப்பாவுக்கும் அப்படி ஒரு பெயரோ ஒரு செம்புத் தண்ணீரோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூட்டம் பிடிக்காத மனிதராகக்கூட இருக்கலாம். அவருடைய சௌரிய சக்ராவில் நீங்கள் வெயில் காய நினைத்தீர்கள், அவர் நகர்ந்துகொண்டார். தலைகுனிவு உங்களுக்கென்றால் அது உங்கள் பாடு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டா பேனர் கட்டினீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

அவர் ஊர் திரும்பியதும் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், காஷ்மீர் கதை கேட்காதீர்கள், குழந்தைகளைக் கூட்டிப்போய் "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா" என்று கேட்க விடாதீர்கள். சித்தி கையால் காபி குடித்துவிட்டு, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் அந்த பேனரைக் கழற்றுங்கள். இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.