சனிக்கிழமை மாலை முடங்கிய தளம்

அன்புள்ள ஐயா,

கருத்துச் சுதந்திரம் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. என் தங்கையின் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி ஒருவன் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டான். புகார் கொடுத்து மாதக்கணக்கில் ஆகியும் படம் அங்கேயே இருக்கிறது. அரசு கத்தரியைக் கையில் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் படத்தை யாரும் கருத்து என்று சொல்ல முடியாது. ஆனால் அரசின் கையில் கத்தரி இல்லை என்றா நினைக்கிறீர்கள்? நல்ல கூராகவே இருக்கிறது. எங்கே வெட்டுகிறது என்பதைப் பாருங்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. டிரம்ப்புக்குப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழான விகடன் ப்ளஸ் ஒரு கார்ட்டூன் போட்டது. அப்போதைய தமிழக பாஜக தலைவர் புகார் செய்தார். பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை, பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. கார்ட்டூன் பக்கம் மட்டுமல்ல, மற்ற செய்தி, கட்டுரை எல்லாமே போச்சு. அப்போது விகடனுக்கு முறையான அறிவிப்புகூட வந்திருக்கவில்லை. உங்கள் தங்கைக்கு இல்லாத வேகம்!

இதே விகடனில் 1987-ல், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களோடு ஒப்பிட்டு அட்டையில் ஒரு ஜோக் வந்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன் காலத்துச் சட்டமன்றம், ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது. அராஜகம்தான். ஆனால் யார், எதற்காக, எத்தனை நாள் என்பது ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அப்புறம் அவர் வழக்குப் போட்டு 1,000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார்.

இன்று, இணையத்தில் வருவதைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது. அதற்கான 2009 விதிகளில் 16-வது விதி, தடை கேட்டு வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விகடன் பெரிய நிறுவனம், உயர் நீதிமன்றம் போக முடிந்தது. மார்ச் 6-ல் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அரை வெற்றிதான். தனியாக எழுதுகிறவரின் பதிவு காணாமல் போனால், ஆணையே கண்ணில் படாமல் அவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்?

நான் கேட்பது ஒன்றுதான். தடுக்கிறவர் யார், எந்தச் சட்டப்படி, என்ன காரணம் என்று எழுதியவர் கையில் தாளாகக் கொடுக்க வேண்டும். உங்கள் தங்கையின் படத்தை நீக்க இது எந்த விதத்திலும் குறுக்கே நிற்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒட்டுப்போட்ட படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்லிவிட்டன; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். நிறுவனம் கைவிரித்தால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே எழுதலாம், நிறுவனத்தின் பதில் வந்த 30 நாளுக்குள். சைபர் கிரைமில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு, வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.